பக்கிரிசாமிக்கு இனிப்புநீர்

நீங்கள் அடித்த ஒரு ஜோக்கால் யாராவது செத்திருக்கிறார்களா? அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

ஜோக்கால் எவன் சாவான் என்று கேட்பீர்கள். பக்கிரிசாமியும் அப்படித்தான் கேட்டிருப்பார், கண்ணாடி கிளாஸை மேசையில் தட்டி வைத்துவிட்டு, சுற்றியிருப்பவர்கள் சிரிப்பதற்கு ஓர் இடைவெளியும் விட்டு. இப்போது அவர் கிள்ளான் தாமான் செந்தோசா குடியிருப்பில் தன் வீட்டுப் பின்னறையில் படுத்துக் கிடக்கிறார். இடுப்புக்குக் கீழே ஈ உட்கார்ந்தாலும் தெரியாது. புரோஸ்டேட் சுரப்பியில் பிறந்த புற்றுநோய் முதுகெலும்பு வரை ஏறிவிட்டது. அவரைப் படுக்கவைத்தது அந்த நோய். டாக்டரிடம் போகவிடாமல் அவரைத் தடுத்தது, அவர் சொந்த வாயால் சொன்ன ஒரு ஜோக்.

கேரி தீவில் செம்பனைக் குலை வெட்டியவரின் மூத்த மகன் அவர். படிப்பு ஏறவில்லை, லோரியில் ஏறினார். சாமான் ஏற்றி இறக்கும் கெலிண்டானாகத் தொடங்கி, பிறகு சின்ன லோரி, பிறகு துறைமுகத்துக்குக் கொண்டேனா என்னும் சரக்குப் பெட்டியை இழுக்கும் பெரிய லோரி என்று வளர்ந்தார். கல்யாணம் செய்தார், வீடு வாங்கினார், மகள் விஷ்ணுப்ரியாவைப் படிக்கவைத்தார். அவள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இதெல்லாம் ஊரில் ஆயிரம் பேர் செய்வதுதான். பக்கிரிசாமியை ஊர் அறிந்தது அவருடைய வாயால். துறைமுகச் சாலை ஒட்டுக்கடையில் அவர் தேத்தண்ணீர் குடிக்க வந்து உட்கார்ந்தால்தான் கடை களைகட்டும். கல்யாண விருந்தில் மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்தால், அது அடையாள அட்டையில் ஏறாத குறைதான்.

அதே கம்பெனியில் லோரி ஓட்டியவர் சிவநேசன். அதிகம் பேசாத ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் ஆண்களுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை நடந்தது. சாப்பாடும் உண்டு என்றார்கள். சிவநேசன் சாப்பாட்டுக்காகத்தான் போனார், ரத்தம் எடுத்தார்கள், கொடுத்துவிட்டு வந்தார். ரத்தத்தில் ஏதோ ஒன்று அளவுக்கு மேல் இருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சோதித்துப் பார்த்ததில் புரோஸ்டேட்டில் புற்றுநோய் இருந்தது. சின்னதாக, வெளியே பரவாமல் இருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். சில மாதங்கள் கழித்து சிவநேசன் மெலிந்த உடம்போடு ஒட்டுக்கடைக்கு வந்து, தன் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"டேய், எல்லாரும் ஒரு தடவ போயிப் பாத்துருங்கடா. மொதல்ல ரத்தம் எடுப்பாங்க. அப்பறம் டாக்டரு கையொற போட்டு, பின்னாடி வெரல விட்டு அந்தச் சுரப்பியத் தடவிப் பாப்பாரு. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். எனக்கு வலி கிலி ஒண்ணுமே இல்ல, தெரியுமா? நல்லாத்தான் இருந்தேன். போனதுனாலதான் தப்பிச்சேன்."

கடை அமைதியானது. நான்கைந்து பேர் தங்கள் வயதை மனதுக்குள் கூட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "அடுத்த கேம்ப் எப்ப சிவநேசா?" என்றுகூடக் கேட்டுவிட்டார். அந்த அமைதியில் பக்கிரிசாமி கிளாஸைத் தட்டி வைத்தார்.

"அதெல்லாம் சரி. டாக்டரு மோதிரத்தக் கழட்டிட்டு விட்டாரா, இல்ல மோதிரம் உள்ளயே தங்கிருச்சா?"

கடை வெடித்தது. ஒருவருக்குத் தேத்தண்ணீர் மூக்கில் ஏறியது.

"சொல்லு லா சிவநேசா! மோதிரம் மாத்தியாச்சுன்னா நாங்க தட்டு எடுத்துக்கிட்டு வரணும்ல? பரிசம் போட்டுட்டு எங்களுக்குச் சொல்லாம விட்டுட்டியே!"

"போடா," என்றார் சிவநேசன். அவரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாகும் என்று அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவர் பெயர் மோதிரம். "மோதிரம் வந்துட்டான், ஒரு தே தாரிக் போடு." வாட்ஸ்அப் குழுவில் அவர் காலை வணக்கம் போட்டால் மோதிரப் படம் பதிலுக்கு வரும். அடுத்த கேம்ப் வந்தது. எப்ப என்று கேட்டவர்கூடப் போகவில்லை. மண்டபத்தில் ஆண்களுக்காகப் போட்ட நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார்கள்.

ஆண்மை என்று நாம் தலையில் தூக்கிவைத்து ஆடுவது இதைத்தான். பெண்டாட்டியும் மகளும் மார்பையும் கர்ப்பப்பையையும் அந்நிய மனிதர் முன் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அது பொறுப்பு. இவர்களின் பின்பக்கத்தில் ஒரு கையுறை பட்டுவிட்டால் மட்டும் வம்சத்தின் மானம் போய்விடும். லோரி டயருக்கு இருக்கும் மரியாதை இவர்களின் உடம்புக்கு இல்லை.

அடுத்த வருடம் பக்கிரிசாமிக்கு ஆரம்பித்தது. துறைமுக வாசலில் லோரிகள் வரிசையாக நிற்கும்போது டிரைவர்கள் டயர் ஓரமாக ஒதுங்குவது வழக்கம். அவரோடு ஒதுங்கியவன் போய், அவனுக்கு அடுத்தவனும் போய், அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வரும், நிற்கும், மறுபடி முக்கினால் சொட்டும். வீட்டிலும் படுத்தால் எழுந்திருக்க வேண்டியிருந்தது, எழுந்து போனால் ஒன்றும் வரவில்லை.

பக்கிரிசாமி விவரம் தெரியாமல் கெட்டவர் அல்ல. எங்கே போக வேண்டும், என்ன சோதிப்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று சிவநேசன் வாயிலிருந்தே கேட்டவர். ஒரு நாள் அரசாங்கக் கிளினிக் வாசல் வரைக்கும் போகவும் செய்தார். உள்ளே, ஒட்டுக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் ஒருவன் இருமலுக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருந்தான். அவன் இவரைப் பார்க்கவில்லை. இவர் அவனைப் பார்த்தார். மோதிரம் என்ற பெயர் சிவநேசனிடமிருந்து கழன்று தன் விரலுக்கு வருவதைப் பார்த்தார். திரும்பி நடந்துவிட்டார்.

மனைவி நல்லம்மாள்தான் கேட்டாள். "என்னாங்க இது, சும்மா சும்மா பாத்ரூமுக்குப் போறீங்க?"

"நீர்ல ஏதோ கோளாறு," என்றார் பக்கிரிசாமி. அவ்வளவுதான் சொன்னார்.

"இனிப்புநீரா?"

இங்கேதான் நம் ஊர்ப் பேச்சு அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. சர்க்கரை வியாதிக்கு இங்கே நாம் சொல்லும் பெயர் இனிப்புநீர். மலாயில் கெஞ்சிங் மானிஸ், அதாவது இனிப்பு மூத்திரம். பக்கிரிசாமிக்கு இருந்தது நீரில் கோளாறு. நீருக்கு முன்னால் அவள் ஒட்டியது 'இனிப்பு' என்ற ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டால் நோய் கௌரவமாகிவிடுகிறது. இனிப்புநீர் யாருக்குத்தான் இல்லை? கோயில் தலைவருக்கு இருக்கிறது, கம்பெனி முதலாளிக்கு இருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டவனுக்கு வரும் நோய். அதற்கு யாரும் கையுறை மாட்டுவதில்லை, விரல் நுனியில் குத்துவதோடு சரி.

"ஆமா லா," என்றார் பக்கிரிசாமி. "கெஞ்சிங் மானிஸ்தான். டாக்டரு சொல்லிட்டாரு."

நல்லம்மாள் அந்த வீட்டில் யுத்தம் தொடங்கினாள். சீனி டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் பாகற்காய்ப் பொரியல், கூடவே டைரக்ட் செல்லிங்கில் சேர்ந்திருந்த உறவுக்காரி கொண்டுவந்து கொடுத்த ஊதா நிற ஜூஸ். ஒட்டுக்கடையில் அவர் தே ஓ கோசோங் கேட்டார். சீனி இல்லாத அந்தக் கறுப்புத் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடிக்கவும் பழகினார். "என்னா பாஸ், நமக்கும் சீனி ஏறிருச்சா?" என்று கேட்டவனிடம், "ராஜா வியாதிடா, ஒனக்கெல்லாம் வராது," என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

விஷ்ணுப்ரியா ஒரு சர்க்கரை மானி வாங்கிவந்து அப்பாவின் விரலில் குத்தினாள். அளவு சுத்தமாகச் சரியாக இருந்தது.

"பாத்தியா!" என்று துள்ளினாள் நல்லம்மாள். "என் பாவக்கா! டாக்டரு குடுக்குற மாத்திரையெல்லாம் தூக்கிப் போடணும்."

"இல்லம்மா, இவ்ளோ நல்லா எறங்குமா?" என்றாள் மகள் சந்தேகத்தோடு.

"ஒங்கம்மா கைப்பக்குவம் அப்புடி," என்றார் பக்கிரிசாமி.

இல்லாத நோய் குணமாகிக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நல்லம்மாளைச் சுற்றி நின்று பெண்கள் சாறு பிழியும் முறையைக் கேட்டுக்கொண்டார்கள். உள்ளே இருந்த நோயைப் பார்க்க ஆளில்லை. அது தன் பாட்டுக்கு எலும்பைத் தேடிப் போனது.

முதுகு வலித்தது. லோரி சீட்டு சரியில்லை என்று ஒரு தலையணை வைத்துக்கொண்டார். தாங்க முடியாமல் கம்பெனியின் பேனல் கிளினிக்குக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலேயே, "டிரைவரா? எல்லா டிரைவருக்கும் பேக் பெய்ன்தான்," என்று வலி ஊசி போட்டு, ஒரு நாள் எம்சி லீவு கொடுத்து அனுப்பினார். நீர் போவது எப்படி என்று கேட்கவில்லை. வயதைக்கூடக் கேட்கவில்லை. அதே கட்டடத்தின் மேல்மாடியில்தான் கம்பெனி முதலாளிக்கு வருடம் தவறாமல் தலைமுதல் கால்வரை பரிசோதனை நடந்தது. பக்கிரிசாமியின் லோரியைச் சட்டத்துக்குப் பயந்து நேரம் தவறாமல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பினார்கள். லோரியின் பிரேக் தேய்ந்தால் கம்பெனிக்கு நஷ்டம். டிரைவர் தேய்ந்தால் வேறு டிரைவர்.

ஒரு மத்தியானம், துறைமுகத்தில் கொண்டேனாவை இறக்கிவிட்டு அவர் லோரியிலிருந்து கீழே காலை வைத்தார். கால் அங்கே இல்லை. தார்ச்சாலையில் முகம் அடிபட விழுந்தார். தூக்க வந்தவர்களிடம், "ஒண்ணுமில்ல லா, வழுக்கிருச்சு," என்று சொல்லும்போதே கால்சட்டை நனைந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். பிறகு கையுறையை எடுத்தார்.

"அங்கிள், பின்பக்கமா வெரல விட்டுப் பாக்கணும். கொஞ்சம் அன்கம்ஃபர்டபிளா இருக்கும். ஓகேவா?"

பக்கிரிசாமியின் கண் டாக்டரின் விரல்களுக்குப் போனது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா அங்கிள்?"

"இல்லம்மா. மோதிரம் கீதிரம் போட்டிருக்கியான்னு பாத்தேன்."

டாக்டர் புரியாமல் தன் கையைப் பார்த்தார். "இல்லியே அங்கிள்," என்றார். அந்த ஜோக்குக்குச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். சிவநேசன் சொன்னது சரி, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் தப்பி ஓடியது இதற்காகத்தான்.

"கல்லு மாதிரி இருக்கு," என்றார் டாக்டர் மெதுவாக.

ரத்தம், ஸ்கேன், திசுத் துணுக்குப் பரிசோதனை என்று எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் கட்டிலருகே குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார். எலும்பெல்லாம் பரவிவிட்டது. முதுகெலும்பில் நரம்பை நசுக்குகிறது. ஊசி போடலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், வலியைக் குறைக்கலாம், கொஞ்சம் காலம் வாங்கலாம். நோயை அழிக்க முடியாது. கால் திரும்புமா என்று நல்லம்மாள் கேட்டாள். டாக்டர் கஷ்டம் என்றார்.

"அங்கிளுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா?"

"ஒரு தம்பி," என்றார் கட்டிலில் கிடந்த பக்கிரிசாமி. "ஜெஞ்சாரோமில இருக்கான். சபாபதி."

"அவரு கண்டிப்பா வந்து செக் பண்ணணும். அண்ணனுக்கு வந்திருந்தா தம்பிக்கு ரிஸ்க் அதிகம். இப்பவே பாத்தா ஏதாவது செய்யலாம். சொல்லிடுவீங்கதானே?"

"சொல்லிடுறோம்," என்றாள் விஷ்ணுப்ரியா.

வார்டு வராந்தாவுக்கு வந்ததும் நல்லம்மாள் மகளின் கையைப் பிடித்தாள். விஷ்ணுப்ரியாவுக்குச் செலாயாங்கில் மாப்பிள்ளை பார்த்து, பரிசம் போட நாள் குறித்திருந்தார்கள்.

"கேன்சர்னு வெளிய தெரிஞ்சா பரிசத்த நிறுத்திருவாங்க. குடும்பத்துல இருக்கு, நாளைக்கிப் புள்ளைக்கும் வரும்பாங்க. அதுவும் அந்த எடத்துல கேன்சர்னா ஊரே சிரிக்கும்டி. இனிப்புநீர்னே இருக்கட்டும். கால்ல எறங்கிருச்சுன்னு சொல்லுவோம்."

"சித்தப்பாகிட்டயாச்சும் சொல்லணும்மா. டாக்டரு என்னா சொன்னாங்க?"

"ஒங்க சித்தப்பா வாயி ஒங்கப்பா வாய விடப் பெருசு. ஒன் கல்யாணம் முடியட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

விஷ்ணுப்ரியா படித்தவள். வக்கீல்களுக்கு நடுவில் உட்கார்ந்து நாள் முழுக்க நியாயத்தைத் தட்டச்சு செய்பவள். மாப்பிள்ளையின் முகத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பிறகு, "சரிம்மா," என்றாள்.

சிவநேசன் வார்டுக்கு வந்தார். கால்மாட்டில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னே."

"அப்பறம் ஏன்டா?"

"ஒன் பேரு எனக்கு வந்துரும்னுதான்."

சிவநேசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தா என்னாடா? அந்தப் பேர வச்சுக்கிட்டு நான் இன்னிக்கும் சோறு தின்னுக்கிட்டுதானே இருக்கேன்?"

சிவநேசன் கிளம்பியபோது பக்கிரிசாமி அவர் கையைப் பிடித்து, "கடையில சொல்லிராத," என்றார்.

"சொல்ல மாட்டேன். ஒனக்கு வந்த வாயி எனக்கு வரல. ஆனா ஒன் தம்பிக்கு நீ சொல்லணும். இல்லாட்டி நீ மனுசனே இல்ல."

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பரிசம் நல்லபடியாக நடந்தது. இனிப்புநீர் காலில் இறங்கிவிட்ட மனிதரை மாப்பிள்ளை வீட்டார் பரிதாபமாகப் பார்த்து, பலகாரத்தைத் தள்ளி வைத்து உபசரித்தார்கள். ஒட்டுக்கடைக்கும் செய்தி போனது. நாலு பேர் தே ஓ கோசோங்குக்கு மாறினார்கள்.

சென்ற மாதம் சபாபதி வந்தான். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவன், அண்ணனுக்கு நாலு வயது இளையவன். சீனி இல்லாத பிஸ்கட் டின்னோடு பின்னறைக்குள் நுழைந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒனக்கு இப்புடி ஆனதும் எனக்குப் பயம் வந்துருச்சு. குடும்ப வியாதிங்கிறாங்களே. விடுவனா? மறுநாளே கிளினிக்குப் போயி ரத்தம் குடுத்து சுகர் செக் பண்ணிட்டேன்!"

பக்கிரிசாமி தலையைத் திருப்பினார்.

"என்னா சொன்னாங்க?"

"நார்மல்! இருவது வயசுப் பையன் ரத்தம்னு சொன்னாரு டாக்டரு. அங்கனயே ஒரு தே தாரிக், சீனி கூடப் போட்டு அடிச்சேன்." தொடையைத் தட்டிச் சிரித்தான். "வந்த அவசரத்துல ஒண்ணுக்குப் போகல. இரு, வந்துர்றேன்."

குளியலறை பின்னறையை ஒட்டித்தான் இருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. பக்கிரிசாமி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மெல்லிசாகச் சொட்டும் சத்தம். நின்றது. தம்பி முக்கும் சத்தம். மறுபடி சொட்டியது, நின்றது. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தச் சத்தம் ஒன்றுமில்லை. பக்கிரிசாமிக்கு அது மனப்பாடம்.

அது புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயதானால் அந்தச் சுரப்பி சும்மாவே வீங்கும், பெரும்பாலும் அது வெறும் வீக்கம்தான். ஆனால் அண்ணனுக்கு வந்தது இன்னது என்று தெரிந்தால், எந்த டாக்டரும் சபாபதியைச் சர்க்கரை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பமாட்டார். அந்த ஒரு வார்த்தை இந்தக் கட்டிலில்தான் இருந்தது.

சபாபதி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்னாடா, இவ்ளோ நேரம்?"

"வெயில்ல லோரி ஓட்டுறேன்ல அண்ணே, ஒடம்பு சூடு."

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். வாசற்படியில் நல்லம்மாள் தட்டோடு நின்றாள். அவரையே பார்த்தாள். அடுத்த மாதம் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது. ஊரையே சிரிக்கவைத்த அந்த வாய், திறந்தது திறந்தபடி கொஞ்ச நேரம் இருந்தது.

"எளநி குடிடா," என்றார். "சூடு கொறையும்."

"அதான் அண்ணே, வழியில குடிக்கணும்," என்று சபாபதி எழுந்தான். "வரேன் அண்ணி."

அவன் லோரி தாமானை விட்டு வெளியேறும் வரை பக்கிரிசாமி கண்ணைத் திறக்கவில்லை.

அவர் சொல்லவில்லை. நல்லம்மாள் சொல்லமாட்டாள். விஷ்ணுப்ரியா கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்றிருக்கிறாள். ஒரு கல்யாணம் முடிந்தால் ஒரு வளைகாப்பு வரும், மறைப்பதற்குக் காரணம் தீர்ந்துபோகாது. ஆகவே இதைப் படிக்கும் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு ஐம்பது தாண்டியிருந்தால், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் ஐம்பதுக்கு முன்பே, இந்த வாரம் ஒரு டாக்டர் முன்னால் போய் உட்காருங்கள். "நீரில் கோளாறு" என்று முனகாதீர்கள். கோளாறு ஒன்றும் இல்லாவிட்டாலும் "புரோஸ்டேட்டைப் பார்க்க வேண்டும்" என்று முழுதாகச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தில் இந்தப் புற்றுநோயை வேறு பெயர் வைத்து யாராவது மூடி வைத்திருந்தால், அந்த மனிதரின் தம்பிக்கும் மகனுக்கும் இன்றே போன் போட்டு, நோயின் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.